ராம்டா: வரிசை மாறிய இடம்

வணக்கம். எங்கள் பழைய ப்ராஜெக்ட்டில் ராம்டா என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை 0.28-இலிருந்து 0.29-க்கு மாற்றினேன். பணம் கட்டிய ஆர்டர்களை வடிகட்டும் இடத்தில் இப்போது காலிப் பட்டியல்தான் வருகிறது. எரர் எதுவும் இல்லை. டீம் லீட், "ராம்டாவையே தூக்கிவிடு" என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இடத்தில் 'ப்ராப்ஈக்யூ' (propEq) இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ப்ராபர்ட்டியில் நாம் சொல்லும் மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன் அது. முன்பு அதற்கு ப்ராபர்ட்டியின் பெயரை முதலில் கொடுப்போம், மதிப்பை அடுத்து. 0.29-இல் அதைத் திருப்பிவிட்டார்கள். உள்ளே உள்ளே இருக்கும் ப்ராபர்ட்டியைப் பார்க்கும் 'பாத்ஈக்யூ'வும் (pathEq) அப்படித்தான். "ஸ்டேட்டஸ், பெய்டா?" என்று கேட்ட உங்கள் கோட் இப்போது, "பெய்ட் என்ற ப்ராபர்ட்டியில் ஸ்டேட்டஸ் என்று இருக்கிறதா?" என்று கேட்கிறது. அப்படி ஒரு ப்ராபர்ட்டி எந்த ஆர்டரிலும் கிடையாது. இல்லாததைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் எரர் காட்டாது, அன்டிஃபைன்ட் என்று கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆர்டரும் சத்தமில்லாமல் கழிந்துபோகிறது.

உங்கள் லீடின் கோபம் புரிகிறது. ஆனாலும் ராம்டாவின் உயிரே இந்த வரிசையில்தான் இருக்கிறது. லோடாஷ் என்ற இன்னொரு லைப்ரரியில் பட்டியலை முதலில் கொடுத்து, ஃபங்ஷனைப் பிறகு கொடுப்போம். ராம்டாவில் டேட்டா கடைசியில் வரும். ஃபங்ஷனை மட்டும் கொடுத்து நிறுத்தினால், பட்டியலுக்குக் காத்திருக்கும் இன்னொரு ஃபங்ஷன் கையில் கிடைக்கும். அதனால்தான் 'கட்டியதை வடிகட்டு, தொகையை எடு, கூட்டு' என்று மூன்றையும் பைப்பில், அதாவது ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும்படி, கோக்க முடிகிறது. பட்டியலின் பெயரை எங்கும் எழுத வேண்டியதில்லை. பல வருடங்களாக எழுதுகிறேன், இந்த அழகு எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "10" என்ற எழுத்துச் சரம் மூன்று உள்ள பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்த மேப்பில் (ஒவ்வொன்றின் மீதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது), சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டோடு ஓட்டிப் பாருங்கள். 10, நேன் (NaN, 'எண் அல்ல'), 2 என்று வரும். அந்த மேப் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது, பார்ஸ்இன்ட் அதை எண்ணடிமானமாக (இரண்டடிமானம், பத்தடிமானம் என்பது போல) எடுத்துக்கொள்கிறது. ராம்டாவின் மேப் மதிப்பை மட்டுமே அனுப்பும். மூன்றும் 10 ஆகவே வரும்.

சரி, தூக்குவதா வைப்பதா? உங்கள் கோடில் வெறும் மேப்பும் ஃபில்டரும்தான் என்றால் லீட் சொல்வதே சரி. அவை 2009-இலிருந்தே மொழியில் இருக்கின்றன. பைப்கள் நிறைய இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ராம்டா இன்னும் 0-வில் தொடங்கும் வெர்ஷன்தான், நடு எண் (0.29-இல் உள்ள 29) மாறினால் பழைய கோட் உடையலாம். ஏற்றும் முன் மாற்றக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள்.

இப்போதைக்கு ப்ராப்ஈக்யூ, பாத்ஈக்யூ என்ற இரண்டு பெயர்களையும் கோட் முழுக்கத் தேடித் திருத்துங்கள். ப்ராப்ஈக்யூ வரும் இடங்களில் 'வேர்ஈக்யூ'வும் (whereEq) போடலாம். பெயரையும் மதிப்பையும் ஒரே ஆப்ஜெக்ட்டாகக் கொடுப்பதால், எது முதலில் என்ற கேள்வியே அதில் எழாது.