ரத்தப்போக்குக்கு 'யாரோ' மூலிகை டீ குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். கொஞ்ச மாதமாக மாதவிலக்கு ஒன்பது நாள் வரை போகிறது, பேடும் சீக்கிரம் நனைந்துவிடுகிறது. ரத்தத்தை நிறுத்தும் என்று சொல்லி அண்ணி 'யாரோ' என்கிற காய்ந்த மூலிகையை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் அம்மாவும் கால் வலிக்கு அதில் டீ போட்டுக் குடிக்கிறார். தொடரலாமா டாக்டர்?

பதில்: முதலில் அம்மா விஷயம், அவசரம் அதில்தான். இன்றோடு அந்த டீயை அவர் நிறுத்தட்டும், ஆனால் வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் ஐஎன்ஆர் என்கிற ரத்தம் உறையும் சோதனை பார்க்கும் கிளினிக்குக்குப் போன் செய்து, இப்படி ஒரு மூலிகை குடித்தார் என்று சொல்லுங்கள். ரத்தம் உறையும் வேகம் மாறியிருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தச் செடியின் அறிவியல் பெயர் அக்கிலியா மில்லிஃபோலியம். போரில் காயம்பட்ட வீரர்களுக்கு கிரேக்கக் கதையின் அக்கிலீஸ் இதை வைத்துக் கட்டியதாகச் சொல்வார்கள், அண்ணி கேள்விப்பட்ட 'ரத்தத்தை நிறுத்தும்' பேச்சுக்கு மூலம் அதுதான். ஆனால் இதே செடிக்கு ஆங்கிலத்தில் மூக்கில் ரத்தம் வரவைக்கும் செடி என்றும் ஒரு பேர் உண்டு, பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் நின்றுபோன மாதவிலக்கை வரவழைக்கவும் இதைக் கொடுத்திருக்கிறார்கள். மாதவிலக்கு வலியை இந்த டீ கொஞ்சம் குறைத்ததாக ஈரானில் செய்த சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிக ரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பிச் சொல்ல ஆதாரம் இல்லை, அதனால் நீங்கள் குடிக்க வேண்டாம் என்பதே என் பதில்.

பாக்கெட்டையும் பாருங்கள். இது குளிர்நாட்டுச் செடி, நம் ஊர் வெயிலில் தானாக முளைப்பதில்லை. சீன மருந்துக்கடையில் 'ஷி சாவ்' என்று கேட்டால் இதன் உறவுச் செடி ஒன்று வரலாம், யுனானிக் கடையில் பேர் பிரஞ்சாசிஃப். ஐரோப்பாவில் காட்டில் பறிப்பவர்கள் இதைப் போலவே வெள்ளைப் பூவும் நுணுக்கமாகக் கிழிந்த இலையும் உள்ள ஹெம்லாக் என்ற கொடிய விஷச்செடியோடு குழப்பிக்கொள்வதுண்டு. காய்ந்து நொறுங்கிய பிறகு எது எது என்று யாரால் சொல்ல முடியும்? அறிவியல் பெயரும், 'எம்ஏஎல்' என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் இல்லாத பாக்கெட் வீட்டில் வேண்டாம். இன்னொன்று, இது செவ்வந்திக் குடும்பம், கோப்பிக்கடைக் கிரிசாந்தமம் டீக்கே உதடு அரிக்கிறவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

44 வயதில் இப்படிப் போனால் காரணம் தெரிய வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி, தைராய்டு, சில சமயம் கர்ப்பம்கூட இருக்கலாம். ஹீமோகுளோபின், கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, வயிற்று ஸ்கேன் நான்கும் எடுங்கள், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உட்சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்தும் சோதிப்பார்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் (coil) என்று நல்ல வழிகள் இருக்கின்றன, கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். மணிக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, எந்த நேரமானாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.