ஓ.எல். எழுதும் பிள்ளையின் கையில் அகப்பையா?

கேள்வி: எனக்கு 41 வயது. முல்லைத்தீவில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் கற்பிக்கிறேன். தொலைக்கல்வியில் இறையியல் டிப்ளோமா படித்து, பிறகு பட்டமும் முடிக்க ஆசை. வார நாட்களில் இரவு ஒன்லைன் வகுப்பு. கணவர் மறிக்கவில்லை. மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். இரவுச் சமையலை மகள் பார்ப்பாள். இந்த வருடம் அவளுக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை), ஆனாலும் பாவம், ஒன்றும் சொல்ல மாட்டாள். இந்த வயதில் படிப்பது சுயநலமா?

பதில்: தங்கச்சி, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கும் திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் இறையியல் கற்கவும் பட்டம் பெறவும் உரிமை உண்டு என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 229ஆவது சட்டமே சொல்கிறது. தாராளமாகப் படியுங்கள். காசு கட்ட முதல் ஒன்றை விசாரியுங்கள்: கிடைக்கப்போவது திருச்சபைச் சான்றிதழா, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட பட்டமா? மறைக்கல்வி கற்பிக்கத்தான் என்றால் சான்றிதழ் உதவும். அரச வேலையும் மனதில் இருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சரி, இனி மகளுக்கு வருவோம். மகன் வீட்டில் நிற்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே சமையலை, பரீட்சை எழுதப்போகும் பிள்ளையின் தலையில் வைக்கிறீர்கள். அவனுக்குக் கையில்லையா? கணவர் மறிக்கவில்லை என்கிறீர்கள், என்ன செய்கிறார் என்று ஒரு வரி இல்லை. மறிக்காமல் இருப்பது உதவியாகிவிடுமா?

'ஒன்றும் சொல்ல மாட்டாள்' என்பதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். நீங்கள் இத்தனை வருடமும் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் சுமந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். எங்கள் வன்னியில் உங்கள் வயதுக்காரர் எத்தனை பேரின் படிப்பு இடப்பெயர்வில் போனது! இன்று செல் விழவில்லை, பங்கருக்குள் ஓடவும் தேவையில்லை. இப்போது அவளுடைய கணக்குக் கொப்பி மூடப்பட்டால் அதற்கு வீட்டிலுள்ள மூன்று பெரியவர்கள்தான் பொறுப்பு.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. நீங்கள் படிக்கப்போகும் பாடத்தில் இதுவும் வரும். அதை மகளிடமிருந்து தொடங்குங்கள். பெண் பிள்ளை சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஆண் பிள்ளையும் தெரிந்திருக்கத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டு வேலை வீட்டில் சாப்பிடும் எல்லோருக்கும் உரிய கடமை, அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நாலு பேரும் இருந்து கதையுங்கள். தேங்காய் துருவுவதும் சோறு வடிப்பதும் மகனுக்கு, சட்டிபானை கழுவுவது கணவருக்கு. மகளின் பரீட்சை முடியும்வரை அவளுக்குக் குசினியில் வேலை இல்லை. இதற்கு இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு பதிவுப் படிவத்தை நிரப்புங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் வகுப்பை ஓ.எல். முடியும்வரை தள்ளிவையுங்கள். அப்படித் தள்ளிவைப்பது யாரால் என்பதை அவர்கள் இருவருக்கும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.