'ட்ஸிம்மர்மன்' ஏன் தச்சர்?

ஜெர்மன் மொழியில் 'ட்ஸிம்மர்' என்றால் அறை, அப்படியிருக்க 'ட்ஸிம்மர்மன்' எப்படித் தச்சரானார் என்று கேட்டிருந்தீர்கள்.

அறை என்பது அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு வந்த பொருள். ஜெர்மனின் பழங்கால வடிவமான பழைய உயர் ஜெர்மனில் 'ட்ஸிம்பர்' என்றால் கட்டுமான மரம். அப்புறம் மரத்தால் எழுப்பிய கட்டடத்தையும், கடைசியில் அதற்குள் இருக்கும் அறையையும் குறித்தது. தொழில் பெயர் மட்டும் பழைய பொருளோடே நின்றுவிட்டது. மரத்தால் கட்டுவதைச் சொல்லும் 'ட்ஸிம்மர்ன்' என்ற வினை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்து 'டிம்பர்' இதன் உடன்பிறப்புதான். பழைய 'ட' ஒலி உயர் ஜெர்மனில் 'ட்ஸ' ஆனது. பத்தைக் குறிக்கும் 'டென்', 'ட்ஸேன்' ஜோடியிலும் அதே மாற்றம்தான். இன்னும் பின்னால் போனால், லத்தீனில் வீட்டைக் குறிக்கும் 'டோமுஸ்' கூட கட்டுதல் என்ற இதே வேரிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த உறவு இது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ட்ஸிம்மர்மன் கூரைச் சட்டம் மாதிரியான கட்டட மரவேலை செய்பவர். மேசை, அலமாரி செய்பவர் என்றால் 'டிஷ்லர்'. தென் ஜெர்மனியில் அவரையே 'ஷ்ரைனர்' என்பார்கள்.