சிக்னலில் நிற்கும்போது என்ஜின் நடுங்குகிறது: இன்ஜெக்டர் மாற்றத்தான் வேண்டுமா?

கொழும்பு காலி வீதி ட்ராஃபிக்கில் நிற்கும்போது உங்கள் பழைய டொயோட்டா விட்ஸ் கார் நடுங்குகிறது, கராஜில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

முதலில் என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். முள் அசையாமல் நின்றும் கார் நடுங்கினால் என்ஜினைத் தாங்கும் மவுன்ட் தேய்ந்திருக்கலாம். முள்ளும் சேர்ந்து ஆடினால் ஸ்கேனரைப் பொருத்தி, கார் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் கோட்களைப் பாருங்கள். பி0301 வந்தால் முதல் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, அந்தச் சிலிண்டரின் கொயிலை (ஸ்பார்க் பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் பாகம்) இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0302 ஆனால் கொயில்தான் பிழை. ஆகாவிட்டால் பிளக்கையும் அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். காசே செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பாகம் வாங்க ஓடவே கூடாது.

பி0171 கோட் வந்தால், காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்று பொருள்; பெரும்பாலும் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) உயர்ந்திருக்கும் ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஸ்கேனரில் தெரியும்) 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால், என்ஜினோடு இணைந்த மெல்லிய ரப்பர் குழாய்களான வக்கூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்து வெடிப்புத் தேடுங்கள். என்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்துதான் போகும்.

கோட் எதுவுமே இல்லையா? என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் பொடியில் கரி படிந்திருக்கலாம். அதற்கென்று விற்கும் கிளீனரால் துடைக்கலாம். அப்புறம் ஐட்லிங் கூடுதலாக இருந்தால் பயப்படாதீர்கள், ரீலேர்ன் செய்தால், அதாவது ஐட்லிங் அளவைக் கம்ப்யூட்டர் மறுபடி பழகவிட்டால், இறங்கிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அதே சிலிண்டர் இன்னும் ஒழுங்காக எரியாவிட்டால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால்தான் இன்ஜெக்டர் பேச்சு.