பணம் இல்லாமல் ஒரு சமூகம் இயங்க முடியுமா?
முடியும், நடந்தும் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் பரந்து கிடந்த இன்கா பேரரசில் நாணயமே கிடையாது. மக்கள் வரியை உழைப்பாகக் கொடுத்தார்கள், சாலை போட்டார்கள், அரசு நிலத்தில் பயிர் செய்தார்கள், விளைந்தது கிடங்குகளுக்குப் போனது, கணக்கெல்லாம் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில். ஆனால் யார் எங்கே என்ன வேலை செய்வது என்பதை அதிகாரிகள்தான் முடிவு செய்தார்கள். பணம் செய்யும் வேலையை யாராவது செய்தாக வேண்டுமே!

ஒருவரையொருவர் அறிந்த சிறு குழு என்றால் சரி, இன்று நான் உதவினால் நாளை நீ, நினைவே போதும். முகம் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு இடையே அது கடினம். கம்போடியாவில் 1975-இல் ஆட்சிக்கு வந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கம் பணத்தையே ஒழித்தது. அப்புறம் சோறும் வேலையும் முழுக்க ஆட்சியின் கைக்குப் போயின, பட்டினியில் ஏராளமானோர் செத்தார்கள். 1980-இல்தான் அங்கே பணம் திரும்பியது.