பரிசல் அவர்களுக்குப் பாதை

கேள்வி: கோடை விடுமுறையில் இரண்டு பிள்ளைகளோடு தெங்குமரஹாடா சென்று, மாயாற்றில் பரிசலில் சுற்றி, குளித்து, கரையிலேயே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறோம். யூடியூபில் பலர் சென்று வந்திருக்கிறார்கள். வனத்துறையோ அனுமதி இல்லை என்கிறது. ஊரில் உறவினர் இருப்பதாகச் சொன்னால் சோதனைச் சாவடியில் விட்டுவிடுவார்களாமே, உண்மையா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஒரு நாள் சொல்லும் பொய்க்கு, அந்த ஊரில் உண்மையாகவே அக்காள் வீடோ மாமன் வீடோ உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காதுகுத்துக்கு வருகிறவரைக்கூடச் சாவடியில் நிறுத்தி, ஊரிலிருந்து ஆள் வந்து அடையாளம் காட்டும் வரை காக்க வைப்பதற்குக் காரணம், இந்தப் பொய் அங்கே பழகிப்போனதுதான்.

தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டத்து ஊர். ஆனால் அதற்கான சாலை ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலிருந்து, காராச்சிக்கொரை சோதனைச் சாவடியைக் கடந்து, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே சுமார் 25 கிலோமீட்டர் செல்கிறது. ஒரு நாளைக்குச் சில நடைகளே வரும் பேருந்தும் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். ஊர் அக்கரையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், அவ்வூர் நண்பர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்காக முறைப்படி அனுமதி பெற்று ஒருமுறை சென்றிருக்கிறேன். பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் அப்படியே பரிசல் துறைக்கு நகர்ந்தது. முதல் பரிசலில் இரண்டு அரிசி மூட்டைகள், ஓர் எரிவாயு உருளை, மருத்துவமனையிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பிய ஒரு பெண், அவருடைய தாயார் என்று ஏறினார்கள். அந்தத் தாயார் ஏறியதும் தம் முந்தானையால் பரிசலின் ஈர விளிம்பைத் துடைத்துவிட்டு, மகளைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். நீங்கள் காணொளியில் கண்ட ‘பரிசல் சவாரி’ இதுதான். ஊர் மக்களுக்கு அது பாதை. பாலம் வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வெளியூர்ப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளிகளும் ஊரிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பரிசலில் விடுமுறைக் கூட்டம் இடம் பிடித்தால், கரையில் காத்து நிற்பவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குளிப்பதைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மாயாற்றில் முதலைகள் உண்டு. இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதன்று. முதலையைவிட ஆபத்தானது ஆற்றின் போக்கு. மேலே நீலகிரியில் பைக்காரா, சிங்காரா, மாயார் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக இருப்பதால், மலையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். முழங்கால் அளவு தண்ணீர் என்று பிள்ளைகளை இறக்கிவிட்டவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பாறைகள் மூழ்கிவிடக்கூடும். எந்தப் பாறை முழுகினால் பரிசலை விடக் கூடாது என்பது பரிசல்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் நமக்குத் தெரியாது.

கூடாரமும் நெருப்பும் அதைவிடத் தவறு. மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களுள் ஒன்று. வெண்முதுகுப் பாறு பெரும்பாலும் ஆற்றோரத்து நீர்மருத மரங்களின் உச்சியில் கூடு வைக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, இறந்த மாடுகளைத் தின்ற இந்தப் பறவைகளின் உடலில் சேர்ந்ததால் இந்தியா முழுவதும் அவை கூட்டம் கூட்டமாக மடிந்து, 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்த பிறகு எஞ்சியவற்றுள் சில இங்கே ஒதுங்கியிருக்கின்றன. அந்த மரத்தடிகளில் தீ மூட்டிப் பாட்டுப் போடுவதை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் நான் ஏற்க மாட்டேன். இன்னொன்றும் உண்டு. காட்டுயிர்களுக்காக இந்த ஊரையே வெளியே குடியமர்த்துவது பற்றி, குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற கணக்கோடு, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நெல்லும் மஞ்சளும் வாழையும் விளைவித்து அங்கேயே வாழ்கிறவர்களை எழுந்து போகச் சொல்லும் காட்டில், நமக்கு ஓர் இரவுக் கூடாரம் கேட்பது முறையாகுமா?

பிள்ளைகளுக்கு ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை. அது நிறைவேற வேண்டும் என்றே விரும்புகிறேன். கோவையில் இருக்கும் நீங்கள், காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் பரளிக்காட்டுக்குச் செல்லுங்கள். பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய சின்னஞ்சிறு மலைக்கிராமம் அது. அங்கே வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் முன்பதிவு செய்தவர்களை அழைத்து, மிதவை அங்கி அணிவித்துப் பரிசலில் கொண்டுபோகிறார்கள். பரிசல் ஓட்டுகிறவர் அந்த ஊர்க்காரர். நீங்கள் கொடுக்கும் கட்டணம் அவர் வீட்டுக்குப் போகிறது. கரைகளில் யானை தண்ணீர் குடிக்க வந்திருந்தால் தொலைவிலிருந்தே அவர் காட்டுவார். அருகில் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நடுப்பகலில் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. ராகிக் களியும் கீரையும் இருந்தால் பிள்ளைகளை அவசியம் சாப்பிட வையுங்கள். பிறகு சிறிய காட்டு நடை, அத்திக்கடவில் ஆற்றுக் குளியல், அதுவும் அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும். இரவு தங்கியே ஆக வேண்டும் என்றால் பூச்சமரத்தூரில் பவானிக் கரையிலேயே குடில்கள் இருக்கின்றன. இந்த அணையின் தண்ணீர்தான் கோவையின் பெரும்பகுதிக்குக் குடிநீராக வருகிறது என்பதைப் பரிசலில் இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நெகிழிப் பொட்டலங்களை ஏன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம் என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.

பதிவு செய்யும்போது எத்தனை பேர் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். வர இயலாமல் போனால் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். அந்தப் பெண்கள் ஆள் கணக்குப் பார்த்துத்தான் காலையில் உலை வைக்கிறார்கள்.