காட்டுப் பன்றிக் கறி: ஃப்ரீசரில் வைத்தால் போதுமா?

போதாது. வேதாரண்யம் பக்கம் வயல்காரர் ஒருவர் கொடுத்த கறியைப் பத்து நாள் உறையவைத்தும் வீச்சம் போகவில்லை, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டு விலங்கின் தசையில் இருக்கும் டிரிக்கினெல்லா புழுவில் சில வகைகள் உறைந்தும் சாவதில்லை. அதைக் கொல்வது சூடுதான். துண்டின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். உப்பும் புளியும் மஞ்சளும் அந்த வேலையைச் செய்யாது.

வீச்சத்துக்குக் காரணம் பெரும்பாலும் முதிர்ந்த ஆண் பன்றி. நகமளவு கொழுப்பை வெறும் சட்டியில் போட்டுப் பாருங்கள். சூடேற ஏற மூத்திர வாடை எழுந்தால் அது ஆண் பன்றியின் இயல்பு, எவ்வளவு ஊறவைத்தாலும் முழுதாகப் போகாது. கறி பிசுபிசுத்துப் பச்சை ஓடியிருந்தால் கெட்டேவிட்டது.

ஆனால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுப் பன்றியை வேட்டையாடுவதும் அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். காட்டுப் பன்றிகள் ஒரே இரவில் கடலைக் கொல்லையை உழுதுபோட்டதைப் பார்த்தவன் நான். அந்த வயல்காரரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இதைச் சமைக்காதீர்கள். ஆசையாக இருந்தால் பண்ணையில் வளர்த்த வெண்பன்றிக் கறி வாங்குங்கள்.

கையில் காயத்தோடு பச்சைக் கறியைத் தொட்டிருந்து, சில வாரங்களில் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால், மருத்துவரிடம் பன்றிக் கறியைத் தொட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.